கர்த்தருடைய சித்தம் இதுதான் என்று எப்படி நிச்சயமாகத் தெரிந்துகொள்வது? மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்

வடசேரிக்காரி:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 29 வயது. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ். அப்பா இல்லை. அண்ணன் கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறான். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். அம்மாவுக்கு 61, சுகர், நான்கு வருடமாக இன்சுலின். இரண்டு வருடமாக நைட் டியூட்டி முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு ஜெர்மன் படித்தேன், பி2 தேர்வில் எழுத்துப் பகுதி மட்டும் ஒரு முறை போய்விட்டது, திரும்ப எழுதிப் பாஸ் பண்ணினேன். இப்போது ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி என்னை எடுத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மூன்று வாரம் அவகாசம்.

போவதா வேண்டாமா என்று ஒரு வருடமாக ஜெபம் பண்ணுகிறேன். கர்த்தர் பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினதெல்லாம் ஒன்றோடொன்று முட்டுகிறது, அதுதான் என் பிரச்சினை.

முதலாவது, டிசம்பர் 31 ராத்திரி வாட்ச் நைட் ஆராதனையில், தட்டிலிருந்து ஆளுக்கொரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு ஆதியாகமம் 12:1, உன் தேசத்தையும் உன் இனத்தையும் விட்டுப் புறப்பட்டுப் போ என்று. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பக்கத்தில் அம்மா எடுத்த அட்டையை வாங்கிப் பார்த்தால் ஆதியாகமம் 26:3, இந்தத் தேசத்தில் வாசம்பண்ணு என்று. ஒரே தட்டு, ஒரே ராத்திரி!

இரண்டாவது, வேதாகமத்தில் கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டுக் கர்த்தரிடம் அடையாளம் கேட்டதைப்போல நானும் ஒரு அடையாளம் கேட்டேன். ஏழு நாளுக்குள் அங்கிருந்து மெயில் வந்தால் போகிறேன், வராவிட்டால் இல்லை என்று. ஏழாம் நாள் ராத்திரி பதினொன்றரை வரை பார்த்துவிட்டு, சரி ஆண்டவரே என்று படுத்துவிட்டேன். மெயில் 12.40க்கு வந்திருக்கிறது. எங்கள் ஊரில் அது எட்டாம் நாள். ஜெர்மனியில் இன்னும் ஏழாம் நாள் ராத்திரி எட்டு மணி. சிரிக்காதீர்கள், கர்த்தர் எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பார் என்று இரண்டு நாள் நிஜமாகவே யோசித்தேன்.

மூன்றாவது, ஒரு உபவாசக் கூட்டத்தில் ஊழியக்காரர் ஒருவர் என் தலையில் கை வைத்து, கடல் கடந்து போவாய் மகளே என்றார். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் நர்ஸுகள், அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியாக, மனதில் சமாதானம் இல்லை. சில நாள் இருக்கிறது, மறுநாள் போய்விடுகிறது. சமாதானம் இல்லாவிட்டால் அது தேவ சித்தம் இல்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் அங்கே போன பிறகு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால், சித்தத்தை மீறிப் போனதால்தான் ஆனது என்று ஆயுசு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன். அதனால்தான் சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டும் என்று கேட்கிறேன். உங்களில் யாருக்காவது அப்படி நிச்சயமாகத் தெரிந்திருக்கிறதா? எப்படித் தெரிந்தது?


தூத்துக்குடி ஊழியன்:

சிஸ்டர், ஸ்தோத்திரம். நான் பெந்தெகொஸ்தே சபை, அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அடையாளம், தீர்க்கதரிசனம் எல்லாம் சும்மா என்று யாராவது எழுத வருவார்கள். அப்போஸ்தலர் 13இல் பர்னபாவையும் சவுலையும் பிரித்துவிடுங்கள் என்று பரிசுத்த ஆவியானவர் சொன்னார். 16ஆம் அதிகாரத்தில் ஆசியாவுக்குப் போக வேண்டாம் என்று தடுத்தார், பித்தினியாவுக்கும் விடவில்லை, பிறகு துரோவாவில் ராத்திரி தரிசனத்தில் மக்கெதோனியா தேசத்தான் ஒருவன் வந்து கூப்பிட்டான். அன்றைக்குப் பேசினவர் இன்றைக்கு ஊமையாகிவிடவில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு ஒன்று நெருடுகிறது. தீர்க்கதரிசனம் நமக்குள் கர்த்தர் ஏற்கெனவே வைத்திருப்பதை ஊர்ஜிதப்படுத்த வருவது. நாம் ஒன்றும் யோசிக்காமல் உட்கார்ந்திருக்க, அதுவே வந்து முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் சொல்லிவிட்டுப் போவது இல்லை. அகபு என்ற தீர்க்கதரிசி வந்து பவுலின் கச்சையை எடுத்துத் தன் கைகால்களைக் கட்டிக்காட்டினானே, அவன் சொன்னது எருசலேமில் பவுலைக் கட்டுவார்கள் என்பது மட்டும்தான். அதைக் கேட்டு, அப்படியானால் போகவே வேண்டாம் என்று அழுதவர்கள் கூட இருந்தவர்கள். அதற்கு முன்னாலேயே தீருவிலிருந்த சீஷர்கள் ஆவியின் ஏவுதலால் போகாதே என்றே சொல்லியிருந்தார்கள். பவுலோ, ஆவியிலே கட்டுண்டவனாகத்தான் போகிறேன் என்கிறார். ஒரே ஆவி, எல்லாருமே நல்ல விசுவாசிகள், அப்படியும் ஒருமனப்படவில்லை. கடைசியில் கர்த்தருடைய சித்தம் ஆகக்கடவது என்று சொல்லி அமர்ந்துவிட்டார்கள். அந்த இடத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்கு ஒரு பயம் வரும்.

சமாதானத்தைப் பற்றி: அதை லேசாக எடுக்காதீர்கள். பவுல் துரோவாவுக்கு வந்தபோது கர்த்தராலே கதவு திறந்திருந்தது, ஆனாலும் தீத்துவைக் காணாததால் ஆவிக்கு அமைதலில்லை என்று இரண்டாம் கொரிந்தியர் 2இல் அவரே எழுதுகிறார், அங்கே நிற்காமல் மக்கெதோனியாவுக்குக் கிளம்பிவிட்டாராம். கதவு திறந்ததனாலேயே உள்ளே போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை. உங்களுக்கு அமைதி இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். அம்மாவை நினைத்தா, அந்நிய தேசம் என்ற பயத்தாலா? இரண்டும் வேறு வேறு. மூன்று நாள் உபவாசம் எடுங்கள், டியூட்டி நாளில் வேண்டாம், ஐசியூவில் மயங்கி விழுந்துவிடாதீர்கள்.


ஒருமுறை சூடுபட்டவன்:

பிரதர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார், அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்தச் சகோதரியிடம் ஒருத்தர் சொல்ல வேண்டியதை நான் சொல்கிறேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜெப வீட்டில் என்னைப் பார்த்து, உன் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் பெருகப்பண்ணுவார், சொந்தமாகத் தொழில் செய் என்று சொன்னார்கள். நான் மொபைல் கடையில் சம்பளத்துக்கு இருந்தவன். ஆறு லட்சம் கடன் வாங்கிக் கடை போட்டேன். அந்தத் தெருவில் ஏற்கெனவே இரண்டு கடை இருந்தது, என் மச்சான் வேண்டாம் என்றான், அவனை அவிசுவாசி என்று நினைத்தேன். பதினான்கு மாதத்தில் ஷட்டரை இறக்கினேன். திரும்பப் போய்க் கேட்டபோது என்ன பதில் வந்தது தெரியுமா? "உங்க விசுவாசத்துல குறை இருந்திருக்கு பிரதர்." தீர்க்கதரிசனம் சொன்னவர் ஒரு மாத இஎம்ஐகூடக் கட்டவில்லை. நான்தான் போன வருடம் வரை கட்டினேன்.

உபாகமம் 18:22ஐ யாரும் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை, சொன்ன காரியம் நடக்காமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அவனுக்குப் பயப்பட வேண்டாம் என்கிற இடம். நான் சபைக்குப் போகிறேன், ஜெபிக்கிறேன், ஆனால் யாராவது தலையில் கை வைக்க வந்தால் இரண்டு அடி பின்னால் நகர்ந்துகொள்கிறேன்.

சிஸ்டர், கடல் கடந்து போவாய் என்றவரிடம் போய், நான் போன பிறகு எங்கள் அம்மாவுக்கு இன்சுலின் யார் போடுவார்கள் என்று கேளுங்கள். முகத்தைப் பாருங்கள்.


தூத்துக்குடி ஊழியன்:

பிரதர், உங்களுக்கு நடந்தது அநியாயம். கள்ளநோட்டு இருக்கிறது என்பதற்காக நல்ல நோட்டைக் கிழித்துப் போடுவதில்லை என்று நான் வழக்கமாகச் சொல்லுவேன், இன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கடைசிக் கேள்வி நியாயமான கேள்வி.


பழைய தமிழ் வாத்தியார்:

அம்மா, நான் பாளையங்கோட்டைக்காரன், சிஎஸ்ஐ, 31 வருடம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது எழுத நேரம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் இழுக்கும்.

நம் ஊரில் கோயிலில் பூ போட்டுப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எழுதிப் போட்டால் அதற்குத் திருவுளச் சீட்டு என்று பேர். திருவுளம் என்றால் கடவுளின் சித்தம். எவ்வளவு அழகான சொல் பார், ஆசை எல்லாம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது: உன் மனதை எனக்கு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடு. நாம் அதை அஞ்ஞானம் என்று பிரசங்கம் பண்ணிவிட்டு, டிசம்பர் 31 ராத்திரி தட்டில் அட்டை எடுக்கிறோம். அட்டையை நான் குறை சொல்லவில்லை, என் மேஜை கண்ணாடிக்கு அடியில் பன்னிரண்டு வருடத்து அட்டை இருக்கிறது. ஆறுதலுக்கு எடுத்தால் ஆறுதல் தரும். உத்தரவுக்கு எடுத்தால் நீ மாட்டிக்கொண்டது போலத்தான் மாட்டிக்கொள்வோம்.

உன் இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? போ என்று சொல்லப்பட்டது ஆபிரகாமுக்கு. இங்கேயே இரு என்று சொல்லப்பட்டது அவன் மகன் ஈசாக்குக்கு. ஒரே தேவன், ஒரே வாக்குத்தத்தம், தகப்பனுக்கு ஒன்று மகனுக்கு ஒன்று. அதனால் போனால்தான் கீழ்ப்படிதல், இருந்தால்தான் கீழ்ப்படிதல் என்று தேசத்தை வைத்து முடிவு கட்ட முடியாது.

கிதியோனைப் பற்றி: தோல் போடுவதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெளிவாகச் சொல்லியாயிற்று, உனக்கு இருக்கிற இந்தப் பலத்தோடே போ என்று. சொல்லப்பட்டதை நம்ப முடியாமல்தான் தோலைப் போட்டான். இரண்டாவது தடவை கேட்கும்போது, கோபம் என்மேல் மூளாதிருப்பதாக என்று அவனே கெஞ்சுகிறான், தான் செய்வது சரியில்லை என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. கர்த்தர் அவனுக்கு இரங்கினார். அவன் பலவீனத்துக்கு இரங்கியதை நாம் ஒரு முறையாக்கிவிட்டோம். (உன் 12.40 மெயிலைப் படித்துவிட்டு என் மனைவியிடமும் சொல்லிச் சிரித்தேன், மன்னித்துக்கொள்.)

சமாதானத்தைப் பற்றித் தம்பி சொன்னதில் எனக்குக் கொஞ்சம் வேறுபாடு உண்டு. தேவசமாதானம் உங்கள் இருதயங்களில் ஆளக்கடவது என்ற வசனத்தைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். அதற்கு முந்தின வசனங்களை வாசி, ஒருவரையொருவர் தாங்கி மன்னிப்பதைப் பற்றிய பேச்சு. அதே வசனத்தில் ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள் என்று வருகிறது. சபைக்குள் சண்டை வராமல் இருக்கச் சொன்னதை நாம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிற வசனமாக்கிவிட்டோம். யோனா கர்த்தரை விட்டு ஓடின கப்பலில் அயர்ந்து தூங்கினான், எவ்வளவு சமாதானம்! கெத்செமனேயில் ஆண்டவர் பிதாவின் சித்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டு வியாகுலப்பட்டு வேர்த்தார். உனக்கு நடுக்கம் இருக்கிறது என்பதனால் மட்டும் நீ வழி தவறிவிட்டாய் என்று ஆகாது. தம்பி கேட்டதுபோல நடுக்கம் எதனால் என்று பார், அது சரியான கேள்வி.

எங்கள் ஜில்லாவில் டோனாவூர் இருக்கிறது. அங்கே இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்குப் போ என்ற அழைப்பு வந்தது, எங்கே என்று வரவில்லை. சீனாவுக்குக் கிளம்பினார், உடம்பு தாங்காது என்று டாக்டர் தடுத்துவிட்டார். 1893இல் ஜப்பான் போனார், ஒன்றேகால் வருடத்தில் உடம்பு முடியாமல் கிளம்பி, சிலோனில் கொஞ்ச நாள் இருந்து, ஊருக்கே திரும்பினார். 1895இல் பெங்களூர் வந்தார், பிறகு திருநெல்வேலிப் பக்கம், 1901இல் டோனாவூர். அந்த வருடம்தான் கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு சிறு பெண் தப்பி ஓடி அவரிடம் வந்தாள். அந்தக் குழந்தைகளுக்காகவே 1951இல் சாகிறவரை ஊர் திரும்பவில்லை. ஜப்பானில் கப்பல் ஏறும்போது அவரைப் பிடித்து, உங்களுக்குத் தேவ சித்தம் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

இனி உன் கடைசிப் பத்திக்கு வருகிறேன், உன் கேள்வி அங்கேதான் இருக்கிறது. நீ கேட்பது வழி இல்லை அம்மா, ஜாமீன். நாளைக்கு ஏதாவது நடந்தால், நான் இல்லை, நீர்தானே போகச் சொன்னீர் என்று காட்ட ஒரு கையெழுத்து. அப்படி ஒரு கையெழுத்தைக் கர்த்தர் ஆபிரகாமுக்குக்கூடக் கொடுக்கவில்லை. போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான் என்றுதான் எபிரெயரில் இருக்கிறது. மறைவானவைகள் கர்த்தருக்குரியவை, வெளிப்படுத்தப்பட்டவை நமக்குரியவை என்கிறது உபாகமம். உனக்கு வெளிப்படுத்தப்பட்டது ஒன்று கையிலேயே இருக்கிறது, தாயைக் கனம்பண்ணு என்பது. அதற்கு அட்டையும் வேண்டாம் தோலும் வேண்டாம். அதை நாகர்கோவிலிலிருந்து செய்வதா ஜெர்மனியிலிருந்து செய்வதா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் உனக்குப் புத்தி கொடுத்திருக்கிறார்.

நிச்சயமாகத் தெரிந்திருக்கிறதா என்று கேட்டாய். எனக்கு இந்த 67 வருடத்தில் முன்கூட்டித் தெரிந்ததே இல்லை.


மெதடிஸ்ட் பேரன்:

வாத்தியார் ஐயா சீட்டைச் சொன்னதும் ஞாபகம் வந்தது. எங்கள் சபைக்கு மூலபுருஷர் ஜான் வெஸ்லி 1737இல் அமெரிக்காவில் சவன்னாவில் இருந்தபோது ஒரு பெண்ணைக் கட்டுவதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியாமல் சீட்டுப் போட்டார். கட்டு, இந்த வருடம் நினைக்காதே, இனிமேல் நினைக்கவே நினைக்காதே என்று மூன்று சீட்டு. மூன்றாவது வந்தது. சரி, கர்த்தர் பேசிவிட்டார், நிம்மதியாக இருந்தாரா என்றால், அந்தப் பெண் சில நாளிலேயே வேறொருவரைக் கட்டிக்கொண்டார், கொஞ்ச மாதம் கழித்து இவர் அந்தப் பெண்ணுக்குத் திருவிருந்து தர மறுத்தார், வழக்காகி, அந்த வருடக் கடைசியில் ஊரை விட்டே கிளம்பினார். சீட்டு பதில் சொன்னது, மனசு கேட்கவில்லை. வேறொன்றும் இல்லை, சொல்லத் தோன்றியது.


ரைன்கரை நர்ஸ்:

மார்த்தாண்டம் பக்கம் என் ஊர், ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடம். தங்கச்சி, வசனம் எல்லாம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் வேலையைச் சொல்கிறேன்.

வந்ததும் நீ நர்ஸ் இல்லை. உன் படிப்புக்கு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளம்தான், அதற்குப் பயிற்சிக் காலமோ தேர்வோ முடிக்க வேண்டும். நீ ஐசியூவில் வென்டிலேட்டர் பார்க்கிறவள், இங்கே முதல் மாதம் தாத்தா பாட்டிகளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, டயப்பர் மாற்ற வேண்டியிருக்கும். நம் ஊரில் அதைச் சொந்தக்காரர்கள் செய்வார்கள், இங்கே நர்ஸ் வேலையே அதுதான். எனக்கு முதலில் அழுகை வந்தது, இப்போது இல்லை. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். எனக்கு வருடத்துக்கு 30 நாள் லீவு, ஊருக்கு ஒரு தடவை போய் வரலாம், அவசரமென்றால் டிக்கெட் எடுத்து வீடு போய்ச் சேர ஒரு நாளைக்குமேல் ஆகும். அப்பா தவறினபோது நான் அடக்கத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இதை மறைத்து உனக்கு ஆறுதல் சொல்ல எனக்கு இஷ்டமில்லை.

ஒப்பந்தத்தை வரி வரியாகப் படி. பாதியில் விட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகை என்று ஏதாவது இருக்கிறதா, வீடு யார் தருகிறார்கள், அங்கீகாரச் செலவு யார் தலையில், எல்லாம் பார். வேலைக்கு எடுக்க உன்னிடம் ஏஜென்சி லட்சக்கணக்கில் கேட்டால் அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம், ஓடிவிடு. சேரும் தேதியைத் தள்ளிக் கேட்கவும் பயப்படாதே. இவர்களுக்கு நர்ஸ் தேவை, மூன்று மாதம் என்றால் பெரும்பாலும் யோசிப்பார்கள்.

அப்புறம் ஒன்று. நீ எழுதினதை இரண்டு தடவை படித்தேன். அட்டை பேசியிருக்கிறது, மெயில் பேசியிருக்கிறது, ஊழியக்காரர் பேசியிருக்கிறார். அம்மா என்ன சொன்னார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே? அம்மாகிட்ட கேட்டியா?


வடசேரிக்காரி:

அக்கா, கேட்கவில்லை. கேட்டால் போ என்றுதான் சொல்வார்கள், மனதுக்குள் வேண்டாம் என்று இருந்தாலும். அதனால் கேட்டே பிரயோஜனம் இல்லை என்று நானே முடிவு பண்ணி விட்டுவிட்டேன். இப்போது எழுதும்போது அது எவ்வளவு மோசமாக இருக்கிறது என்று தெரிகிறது.


மலைக்கோட்டை:

நான் கத்தோலிக்கன், இயேசு சபைக் குருக்களிடம் படித்தவன், உள்ளே வரலாமா? நாங்களும் திருவுளம் என்றுதான் சொல்வோம், அதனால் வாத்தியார் ஐயாவின் சீட்டு எனக்கும் சுட்டது.

இயேசு சபையை ஆரம்பித்த எங்கள் இஞ்ஞாசியார் மனம் மாறின புதிதில் கோவேறு கழுதைமேல் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒருவன் மாதாவைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்டு முன்னால் போய்விட்டான். அவனைத் துரத்திப் போய்க் குத்துவதா விடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் கடிவாளத்தைத் தளர்த்தி, கழுதை எந்தப் பாதையில் போகிறதோ அதன்படி என்று விட்டுவிட்டார். அவன் போன ஊர்ப் பாதை அகலமாக, பக்கத்தில் இருந்தும் கழுதை மற்ற வழியில் போனது. ஒரு கொலை தப்பியது. பிறகு அவரே அதைத் தன் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார், அப்போது தனக்கு ஒன்றும் தெரியாது என்கிற தொனியில். அப்படிப்பட்டவர்தான் பின்னால் தேர்ந்து தெளிவதற்கு விதிகளே எழுதினார். அதில் எனக்குப் பிடித்தது இரண்டு.

மனம் வறண்டு இருண்டு கிடக்கும்போது ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பது ஒன்று. சகோதரி, நைட் டியூட்டி முடிந்து வந்த காலையில் சமாதானம் இருக்கிறதா என்று சோதிக்காதீர்கள். அந்த நேரத்தில் எனக்கென்றால் விசுவாசமே இருக்காது. இன்னொன்று, முன்பின் தெரியாத ஒருவர் இதே நிலைமையோடு உங்களிடம் வந்தால் என்ன சொல்வீர்கள் என்று யோசித்து, அதையே நீங்கள் செய்யுங்கள் என்பார். உங்கள் வார்டுக்கு ஒரு ஜூனியர் நர்ஸ் வந்து, அக்கா, எனக்கு 29, அம்மாவுக்கு சுகர், ஜெர்மனியில் வேலை என்று கேட்டால்? அவளிடம் அட்டை என்ன வந்தது என்று முதலில் கேட்பீர்களா?


தூத்துக்குடி ஊழியன்:

கழுதை விஷயத்தில், வேதாகமத்தில் கழுதையே வாய் திறந்து பேசின பிலேயாமை யாரும் இழுக்காததே ஆச்சரியம். சிஸ்டர், என்ன ஆனது என்று எழுதுங்கள். வீட்டில் ஜெபிக்கிறோம்.


வடசேரிக்காரி:

பத்து நாள் கழித்து வருகிறேன். எல்லோருக்கும் நன்றி, ஒருமுறை சூடுபட்ட அண்ணனுக்கும்தான், அந்த இன்சுலின் கேள்வி தூங்கவிடவில்லை.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து கேட்டேன். நான் நினைத்ததைப்போல உடனே போ என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்குப் பயமாத்தான் இருக்கு மக்களே" என்றார்கள். நான் எதிர்பார்க்கவே இல்லை. என்ன பயம் என்று கேட்டால், சாவைப் பற்றி இல்லையாம், ராத்திரியில் சுகர் இறங்கி விழுந்துவிட்டால் காலை வரை யாருக்கும் தெரியாதே என்று. அதை வைத்து மேற்கொண்டு பேச முடிந்தது. பின்வீட்டு அத்தையின் மகள் பிளஸ் டூ படிக்கிறாள், ராத்திரி எங்கள் வீட்டில் வந்து படிக்கவும் படுக்கவும் அவளுக்கும் இஷ்டம். அண்ணனிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினேன், பாதி நேரம் சண்டை, கடைசியில் மாதம் ஒரு தடவை வந்து செக்கப்புக்குக் கூட்டிப்போகச் சம்மதித்தான். பார்க்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதம் தள்ளிச் சேர முடியுமா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. இந்தத் தடவை நாள் குறிக்கவில்லை. கையெழுத்தும் இன்னும் போடவில்லை. சமாதானம் வந்துவிட்டதா என்றால் அப்படி ஒன்றும் இல்லை, பயம் இருக்கிறது, ஆனால் என்ன பயம் என்று இப்போது பேர் சொல்ல முடிகிறது.

இன்சுலின் விஷயம். நான்கு வருடமாக நான்தான் போடுகிறேன், என் டியூட்டி மாறும்போதெல்லாம் அம்மாவின் சாப்பாட்டு நேரமும் மாறும். நீங்களே போட்டுப் பழகுங்கள் என்று பென்னைக் கையில் கொடுத்தால், "நாலு வருஷமா நீ போடுறத பாத்துட்டுதானே இருக்கேன், நீ ஒருநாளும் கையில தரலியே" என்றார்கள். இன்று காலை அவர்களே 14 யூனிட் திருப்பி வைத்து, வயிற்றில் போட்டு, பத்து வரை எண்ணி எடுத்தார்கள். கை நடுங்கினது எனக்குத்தான்.

நாளை எனக்கு நைட் டியூட்டி. மறுநாள் காலை எட்டு மணி வரை எனக்காகக் காத்திருக்க மாட்டார்களாம், ஏழரைக்கே ஊசியைப் போட்டுத் தோசை சாப்பிட்டுவிடுவார்களாம்.